நிமிடத்துக்கு இவ்வளவு

காட்டுக்குப்பத்துத் தேசப்பன்
ஐஸ் பெட்டியை எங்கள் வாசலில் இறக்கும்போது
மணி ஏழுகூட ஆகவில்லை.
பன்னிரண்டு மடவை. இரண்டு இன்னும் துள்ளின.
எண்ணூர்க் கழிமுகத்தில்,
சாம்பல் குழாய் ஒழுகுகிற பக்கம் பிடித்தவை.
பழவேற்காட்டிலிருந்து வந்த ஆறு
வேறு பெட்டியில், வாலில் நீல நூல் கட்டி.

ஈரல் எடுப்பதில் ஒரே கவனம்:
பித்தப்பை கிழியக் கூடாது.
கிழிந்தால் பச்சை பரவி
அந்த மீன் கணக்கிலிருந்து போய்விடும்.
மீன் கழுவும்போது அம்மாவும் இதையேதான் சொல்வாள்.
அவளுக்குக் கசப்பு, எங்களுக்குப் பிழை.

அரை. பனிக்கட்டி மேலேயே வை. சுழற்று.
மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி
தொண்ணூற்றாறு குழிகளில் சொட்டுச் சொட்டாய் விடு.
முபீனா விளக்கை அணைத்துவிட்டாள்.
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள்.
வெளியே கன்டெய்னர் லாரிகள்
ஒன்றையொன்று முட்டாமல் நின்று உறுமின.

சாயத்துக்கு ஒரு வால் உண்டு,
இரண்டே கரி அணுக்கள்.
வால் இருக்கும்வரை அது ஊமை.
எண்ணெயும் புகைக்கரியும் உள்ளே வந்தால்
அவற்றை அறுக்கவென்றே
ஈரல் அடித்துக்கொள்கிற கத்தி ஒன்று,
பழக்கதோஷத்தில் இந்த வாலையும் அறுக்கும்.
அறுபட்டது ஒளிரும்.
பச்சை வெளிச்சம் காட்டினால்
சிவந்து பதில் சொல்லும்.

கத்தியை நாங்கள் பார்த்ததில்லை.
நிமிடத்துக்கு எத்தனை துண்டு விழுகிறதென்று எண்ணி
கத்திகள் இவ்வளவு என்கிறோம்.

பழவேற்காட்டு மீனின் கோடு
பத்து நிமிடமும் படுத்தே கிடந்தது.
எண்ணூர் மீன்
கத்திவாக்கம் மேம்பாலம் மாதிரி ஏறியது.
முபீனா கை தட்டப்போய் நிறுத்திக்கொண்டாள்.
அழகாய் வந்த கோடு,
அவ்வளவு விஷம் என்று அர்த்தம்.

ஏழாவது மீன் மட்டும் ஒளிரவில்லை.
இத்தனைக்கும்
அதன் ஈரல்தான் எல்லாவற்றிலும் மோசம்,
வெளிறி, கத்தரிக்கோலில் பிசுபிசுத்து.
'குறைவு' என்று எழுதப்போனாள்.
பொறு என்றேன்.
ஒருவேளை கலங்கல் ஒளியை விழுங்கியிருக்கும்.
ஏற்கெனவே வால் போன சாயம்
அளந்து ஒரு சொட்டு அதே குழியில் விட்டோம்.
குழி பளிச்சென்று சிவந்தது.

ஒளி விழுங்கப்படவில்லை.
கத்திதான் இல்லை.
முடிந்தவரை அறுத்துப் பார்த்துவிட்டு
நின்றுபோன ஈரல்.
அதற்கும் சுத்தமான மீனுக்கும்
ஒரே எண்.

எர்ணாவூரில் வாடை அடிக்கிறதென்று
புதிதாய்க் குடிவந்தவர்கள்தான் சொல்வார்கள்.
நான் அங்கே பிறந்தவள்.

சாயங்காலம் தேசப்பன் போன் செய்தார்.
"இன்னாம்மா சொல்து உன் மிஷினு?
துன்லாமா, கூடாதா?"
மில்லிகிராம் புரதத்துக்கு, நிமிடத்துக்கு,
இத்தனை பிகோமோல்.
அந்தக் கணக்கில் சோற்றுத் தட்டு எங்கே வருகிறது?
"ஈரல் ரொம்ப வேல பாக்குதுண்ணே."
"அப்ப நல்லதுதான?"
"இல்ல. நல்லா எரியுது, அதான் தப்பு."
"அல்லாமே எரியுதா?"
"ஒண்ணு எரியல."
"அது தேவலாம்."
"அதுதாண்ணே ரொம்ப மோசம்."
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"எரிஞ்சாலும் தப்பு, எரியாங்காட்டியும் தப்பு.
நல்ல மிஷின் வச்சிக்கினு கீறே நீ."

இரவு, பூட்டும் நேரம்.
ஈரல் போக மிச்சம் பதினெட்டு உடல்கள்.
மஞ்சள் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.
வாட்ச்மேன் குணபூஷணம் வந்து நின்றார்,
வழக்கம்போலப் பையையே பார்த்துக்கொண்டு.
"அந்தப் பழவேற்காடு ஆறாவது குடேன்மா,
கொளம்புக்கு."

கொடுக்கலாம் என்றுதான் குனிந்தேன்.
ஐஸ் உருகி
நீல நூல்கள் அவிழ்ந்து
தண்ணீரில் தனியாய் மிதந்தன.
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தேன்.
எல்லாச் செதிலிலும்
அதே வெள்ளி.